வாட்ஸ்அப்பா, லிங்க்ட்இன்னா, சங்கமா: பயணத் தொழிலில் இருப்பவர் எங்கே சேர்வது?

எங்கள் தொழிலில் ஏடிஎம் என்றால் பணம் பிடுங்கும் காகிதம். ஏஜென்சி டெபிட் மெமோ என்பதன் சுருக்கம். டிக்கெட் போட்டதிலோ மாற்றிக் கொடுத்ததிலோ கட்டண விதியை மீறிவிட்டாய் என்று விமான நிறுவனம் முகவர் தலையில் கட்டும் பில். பயணத்தின் கடைசித் தேதியிலிருந்து ஒன்பது மாதம் வரை அது வந்து சேரலாம். வந்தபின் மறுப்பதற்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு.

பயண முகவர்களும் டூர் நடத்துபவர்களும் ஹோட்டல் விற்பனைப் பிரிவினரும் கூடுகிற இணையக் குழுக்களை ஒப்பிட உட்கார்ந்தவன் பில்லிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் இருக்கும் உரைகல் அதுதான். இரவு 11 மணிக்குக் கேட்டால் பதில் வருமா? அந்தப் பதிலை ஒன்பது மாதம் கழித்துத் தேடி எடுக்க முடியுமா? முதல் கேள்வியில் தேறும் இடம் இரண்டாவதில் கவிழ்ந்துவிடுகிறது. இரண்டாவதில் தேறுவதோ முதல் கேள்வியின்போது தூங்கிக்கொண்டிருக்கிறது.

வாட்ஸ்அப், டெலிகிராம்

வேகத்தில் வாட்ஸ்அப்பை அடிக்க ஆளில்லை. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிப்போட்டது. சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உதவி எண்களெல்லாம் காத்திருப்போர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, எந்த நிறுவனம் அபராதமில்லாமல் தேதி மாற்ற அனுமதித்திருக்கிறது, எது இன்னும் வாய் திறக்கவில்லை என்று நிமிடத்துக்கு நிமிடம் சொன்னது எங்கள் குழுதான்.

அதே இரவில்தான் மாட்டிக்கொண்டேன். யாரோ ஒருவர், அபராதத்தைத் தள்ளுபடி செய்ய விமான நிறுவனம் தரும் வெய்வர் குறியீட்டை மட்டும் எடுத்துப் போட்டார். எந்தத் தேதிப் பயணத்துக்கு, எந்தத் தேதிக்கு முன் போட்ட டிக்கெட்டுக்கு, புதிய பயணம் எதற்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் அப்படிப்பட்ட குறியீடு வரும். நிபந்தனைகள் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கின்றன. குழுவுக்கு வந்தது முதல் பக்கம். நம்பி இரண்டு டிக்கெட்டுகளைத் தேதி மாற்றி ரீஇஷ்யூ செய்தேன். ஒன்று தப்பியது. மற்றதற்கு ஏழாம் மாதம் மெமோ வந்தது. செய்தியைத் தேடினேன். இடையில் போன் மாற்றியிருந்தேன், பேக்கப் பாதியில் நின்றிருந்தது, அனுப்பியவர் குழுவை விட்டே போயிருந்தார். பணத்தைக் கட்டினேன்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். இருக்கலாம் என்பதற்காக நிரப்பத்தான் வேண்டுமா? தொள்ளாயிரம் பேர் உள்ள குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கும் ஹோட்டல் சலுகை போஸ்டர்களுக்கும் நடுவே கேள்வி மூழ்கிப்போகிறது. நான் நம்புவது 40 பேர் உள்ள ஒன்றை. யார் கட்டண விதியில் கெட்டிக்காரர், யார் விசாவில் கெட்டிக்காரர், யார் எல்லாம் தெரிந்ததுபோல் பேசுவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

டெலிகிராமில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். நிர்வாகி அனுமதித்தால் பழைய செய்திகளைப் புதியவரும் தேடிப் படிக்கலாம். நினைவாற்றலில் வாட்ஸ்அப்பைவிட மேல். ஆனால் நான் பார்த்த குழுக்களில் வாசலில் காவலுக்கு ஆள் கிடையாது. பாதி விலைக்கு டிக்கெட் என்று கூவுகிறவர்கள் தாராளமாக நடமாடுகிறார்கள். அவற்றில் பல, திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கியவை. கார்டுக்குச் சொந்தக்காரர் புகார் செய்ததும் டிக்கெட் செல்லாமல் போகும். கவுண்டரில் விழித்துக்கொண்டு நிற்பவர் உங்கள் வாடிக்கையாளராக இருப்பார். இந்த மோசடியைப் பிடிப்பதற்கென்றே யூரோபோல், விமான நிறுவனங்களோடு சேர்ந்து விமான நிலையங்களில் கூட்டு நடவடிக்கைகள் நடத்தியிருக்கிறது.

ஃபேஸ்புக் தனிக் குழுவும் லிங்க்ட்இன்னும்

ஃபேஸ்புக் தனிக் குழுவில் சேர வருகிறவரிடம் மூன்று கேள்விகள் வரை கேட்க நிர்வாகிக்கு வசதி உண்டு. அந்தக் கேள்விகளைப் பார்த்தாலே உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். "நீங்கள் பயணத் தொழிலில் இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கிற குழுவில், 'ஆம்' என்று தட்டிவிட்டு வந்த மலிவு டிக்கெட் தேடுவோர் பாதிப் பேராவது இருப்பார்கள். ஒரு குழு என்னிடம் நிறுவனப் பதிவு எண்ணையும் ஐஏடிஏ அங்கீகார எண்ணையும் கேட்டது. எண் இல்லாதவர்களிடம் எந்த கன்சாலிடேட்டர் (மற்ற முகவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தரும் மொத்த வியாபாரி) வழியாக டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று கேட்டது. நான்கு நாள் வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். எரிச்சலாக இருந்தது. உள்ளே போனபிறகு எரிச்சல் அடங்கிவிட்டது. நெட் ரேட் (கமிஷன் சேர்க்காத விலை), கமிஷன், கடைசி நேரத்தில் வண்டி அனுப்பாமல் கைவிட்ட டிஎம்சி (போகும் ஊரில் ஏற்பாடுகளைக் கவனிக்கும் உள்ளூர் நிறுவனம்) என்று எல்லாமே அங்கு ஒளிவுமறைவில்லாமல் பேசப்பட்டன. சமையலறையில் விருந்தாளி வந்து நின்றால் சமையல்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். வாடிக்கையாளர் காதில் விழும் இடத்தில் முகவர்களும் அப்படித்தான்.

காவலில்லாத வாசலால் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. "இது ஏன் கன்ஃபர்ம் ஆகவில்லை?" என்று கேட்டுத் திரை முழுவதையும் படமெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆறெழுத்து பிஎன்ஆரும் பயணியின் குடும்பப்பெயரும் தெரிந்தால், பல நிறுவனங்களின் தளத்தில் அந்த முன்பதிவை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். 2016 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் இந்த ஓட்டையை ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் படங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒரு படத்தில் குழந்தையின் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் பளிச்சென்று தெரிந்தன. நிர்வாகி எழுந்து வந்து நீக்கும்வரை, ஓர் இரவு முழுக்க அது அப்படியே கிடந்தது.

லிங்க்ட்இன்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது கடைமுகப்பு. வேலை தேடலாம், மார்ச்சில் பெர்லின் ஐடிபி, நவம்பரில் லண்டன் டபிள்யூடிஎம் கண்காட்சிகளுக்கு முன்பு சந்திப்பு நேரம் வாங்கலாம், ஒரு ஹோட்டல் குழுமத்தில் குழுப் பயணங்களைக் கவனிப்பவர் யார் என்று பெயரோடு கண்டுபிடிக்கலாம். ரீஃபண்ட் சிக்கலை அங்கே போய்க் கேட்டால் வாழ்த்துகள்தான் வரும்.

சங்கங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஐஏடிஏவைத் தங்கள் சங்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1945ல் ஹவானாவில் தொடங்கிய அது விமான நிறுவனங்களின் சங்கம். முகவர்களை அங்கீகரிக்கும், முகவர்களுக்காக வாதாடாது. முகவர்கள் பக்கம் நிற்பதற்குத் தேசியச் சங்கங்களும், அவற்றை இணைக்க 1966ல் உருவான உஃப்டா போன்ற கூட்டமைப்புகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆஸ்டா 1931லிருந்து இயங்குகிறது. 2018ல் தன் பெயரிலிருந்த 'ஏஜென்ட்'டை எடுத்துவிட்டு 'அட்வைசர்' என்று வைத்துக்கொண்டது. டிக்கெட் விற்பதில் இனி பெரிதாக ஒன்றுமில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. 1951ல் ஹவாயில் பிறந்த பாட்டா, ஆசிய பசிபிக் பகுதியின் அரசு சுற்றுலாத் துறைகளையும் நிறுவனங்களையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது. 1934ல் பாரிஸில் உருவான ஸ்கால், நண்பர்களுக்குள் வியாபாரம் என்பதையே வெளிப்படையாகச் சொல்லி நடத்துகிற சங்கம். அங்கே போய் விதிமுறைச் சந்தேகம் கேட்பவரை விநோதமாகப் பார்ப்பார்கள்.

சந்தா உண்டு, கூட்டங்கள் உண்டு, பதில் வர வாரங்கள் ஆகும். இருந்தாலும் 2020ல் ரீஃபண்ட் பணம் விமான நிறுவனங்களிடம் சிக்கிக்கொண்டபோது, வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் கொட்டிய கோபத்தால் ஒரு காசுகூடத் திரும்பவில்லை. விமான நிறுவனங்களோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசும் கூட்டுக் குழுக்களில் நாற்காலி இருப்பது சங்கத்துக்கு.

அடையாளம் பார்த்துச் சேர்க்கும் தொழில்முறைத் தளம்

பயணத் தொழிலில் இருப்பதற்கு ஆதாரம் கேட்டு, உண்மைப் பெயரில் மட்டும் சேர்க்கிற, தலைப்புவாரியாகப் பேச்சுகள் அடுக்கப்பட்ட தளங்கள் சில இருக்கின்றன. என் ஓட்டு இவற்றுக்குத்தான். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிக்காது என்று விமான நிறுவனங்கள் முகவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பின. சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் வந்தது. தளத்தில் முதல் சுற்றறிக்கையின் கீழேயே அந்த விளக்கமும் தேதியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பிலோ முதல் சுற்றறிக்கை மட்டும் பல மாதங்கள் தன்னந்தனியாகச் சுற்றியது. அதை நம்பிப் போகக்கூடிய பயணியைத் தடுத்தவர்களையும் நான் அறிவேன்.

குறைகளை மறைக்கப்போவதில்லை. இரவில் ஈயாடும். அபூர்வமான உள்நாட்டு விமானத் தடம் பற்றிக் கேட்டால் இரண்டு நாள் கழித்து ஒரே ஒருவர் வருவார். 2019ல் எழுதிய பதில் இன்னும் மேலே வந்து நின்று, அதற்குள் மாறிவிட்ட விதியை அழகாக விளக்கும். பயண ஆவண விஷயத்தில் எந்தக் குழு என்ன சொன்னாலும் செக்-இன் கவுண்டரில் இருப்பவர் பார்ப்பது, நாடுவாரியாக விசா, பாஸ்போர்ட் விதிகளைச் சொல்லும் டைமாட்டிக் தரவுத்தளத்தை. நாமும் அதைப் பார்த்துவிடுவது உத்தமம்.

சேர்ந்தபின்

முதல் மாதம் விளம்பரம் போடாதீர்கள். இரண்டு பேருக்குப் பதில் சொல்லுங்கள். கேள்வி கேட்கும்போது விமான நிறுவனம், ஃபேர் பேசிஸ் (டிக்கெட்டின் கட்டண வகைக் குறியீடு), டிக்கெட் போட்ட தேதி, இதுவரை செய்து பார்த்தவை இவற்றை எழுதுங்கள். பிஎன்ஆர் வேண்டாம். 'அவசரம்' என்ற சொல்லும் வேண்டாம், இங்கே எல்லாமே அவசரம்தான்.

ஒரு குழுவில், சேவைக் கட்டணத்தை எல்லோரும் இவ்வளவுக்குக் குறையாமல் வாங்குவோம் என்று ஒருவர் தொடங்க, கைதட்டல் குவிந்தது. போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது பெரும்பாலான நாடுகளில் சட்ட விரோதம். அன்றே வெளியேறினேன்.

தனியாளாகத் தொழில் செய்பவர் முதலில் ஒரு சிறிய வாட்ஸ்அப் குழுவையும், அடையாளம் கேட்கும் ஒரு தளத்தையும் பிடித்துக்கொள்ளட்டும். பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபின் சங்கச் சந்தா வலிக்காது. ஃபேஸ்புக், வாசலைப் பொறுத்தது.

இப்போதெல்லாம் வெய்வர் செய்தி வந்தால் மூலச் சுற்றறிக்கையை எல்லாப் பக்கங்களோடும் இறக்கி, டிக்கெட் எண்ணையே பெயராக வைத்துச் சேமிக்கிறேன். தளத்திலும் ஏற்றிவிடுகிறேன். அப்படி ஏற்றிய ஒன்றின் கீழே ஐந்து மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர், "இதை இணைத்துத்தான் மெமோவை மறுத்தேன், ரத்து செய்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். அதே சுற்றறிக்கைக்கு அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் 11 கட்டைவிரல்கள் விழுந்திருந்தன.