புது ஃபிளாட்டா, பழைய வீடா: உடம்பைக் கேட்டு எடுத்த முடிவு

சென்னையில் வீடு தேடி அலைந்தபோது கடைசியில் மூன்று வீடுகள் கையில் நின்றன. அடுத்த மாதம் சாவி தருகிறோம் என்ற புத்தம் புது ஃபிளாட், 35 வருடப் பழைய தனி வீடு, ஆறு வருடம் குடியிருந்துவிட்டு விற்கும் ஃபிளாட். விலை, லோன், ஸ்கூல் தூரம் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். எங்கள் வீட்டில் முழங்கால் தேய்ந்த அப்பாவும், பனிக்காலம் வந்தாலே மூச்சு இளைக்கும் பையனும் இருக்கிறார்கள். அதனால் எந்த வீடு உடம்புக்கு ஒத்துவரும் என்றும் பார்க்க வேண்டியிருந்தது. புதுசுதான் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

பழைய வீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மனசு அங்கேதான் போனது. உயரமான கூரை, நாலு பக்கமும் ஜன்னல், மேலே வெண்டிலேட்டர், வழவழவென்று ரெட் ஆக்சைடு தரை. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டோடு பதித்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கும் ஹால் கொதிக்கவில்லை. பிறகு பெட்ரூமில் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருந்தது, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அதற்கு மேலே கறுப்புப் புள்ளிகள். “மழைக்காலத்துல மட்டும்தான் தம்பி, வெயில் அடிச்சா காஞ்சிடும்” என்றார் வீட்டுக்கார அம்மா.

காயும், ஆனால் மறுபடி வரும். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு சரியாக இல்லாத சுவர், தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் ஓதம் நிற்காது. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் ஆஸ்துமா, இருமல், இளைப்பு அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய புது வீட்டில் இந்தத் தொல்லை இல்லை, அதன் பெரிய லாபமே இதுதான்.

சுரண்டிப் புதுசாக அடித்துவிடலாமே என்றும் யோசித்தோம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் கம்பிகளின் பெயின்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் முதலில் போகும் இடம் குழந்தையின் கையும் வாயும்தான். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஷெட் வேறு. அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், உடைக்காமல், துளை போடாமல் விட்டுவைப்பதே நல்லது.

சரி, புது ஃபிளாட். லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத டைல்ஸ் என அப்பாவுக்கு அங்கே எல்லாம் தோது. (ஹாலில் மட்டும் கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டிருந்தார்கள். ஈரக்காலோடு வந்தால் அவ்வளவுதான்.) வயரிங்கில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இருந்தது. பழைய வீட்டில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்த்த எலக்ட்ரீஷியன், “இது ஃபியூஸ் இல்லண்ணே, கம்பி” என்றார். தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். புதுசில் துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப், பழசில் உள்ளே துரு ஏறிய ஜி.ஐ. இரும்பு பைப். காலையில் முதல் பக்கெட் டீ நிறத்தில் வந்தது. இந்த வரிசையில் புதுசுக்குப் போட்டியே இல்லை.

போட்டி காற்றில்தான். மாடல் ஃபிளாட்டின் கப்போர்டைத் திறந்ததும் ஒரு நெடி வந்து கண் கரித்தது. சேல்ஸ் பையன் சிரித்துக்கொண்டே “புது வீட்டு வாசனை சார்” என்றான். பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்வது) பலகைகளை ஒட்டும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசியும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், இளைப்புள்ள பிள்ளைக்கு மூக்கும் தொண்டையும் எரிவதே போதும். ஆரம்பத்தில்தான் கசிவு அதிகம், போகப் போகக் குறையும். ஆனால் வெக்கையும் ஈரப்பதமும் கூடினால் கூடும், சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. நாமோ பால் காய்ச்சிய கையோடு குடிபோய், ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டுவிடுகிறோம். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும்.

ஜன்னலையும் டேப் வைத்து அளந்தேன். ஈரமும் வெக்கையும் உள்ள ஊர்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. அளவு ஏறக்குறைய வந்தது. ஆனால் அது ஸ்லைடிங் ஜன்னல், ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும்.

புது காங்கிரீட்டிலும் பூச்சிலும் உள்ள ஈரம் முழுக்கக் காய மாதக்கணக்காகும். அவசரமாக மழைக்காலத்தில் பெயின்ட் அடித்துச் சாவி கொடுத்தால், சுவரை ஒட்டிய கப்போர்டுக்குப் பின்னால் முதல் வருடமே பூஞ்சை வரலாம். பக்கத்து பிளாக் வேலை முடியாமல் இருந்தால் சிமென்ட் தூசி போனஸ், காங்கிரீட் இறுக (கியூரிங்) தேக்கிய தண்ணீரில் டெங்கு கொசு போனஸுக்கு மேல் போனஸ். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஆகவே புது வீட்டால் உடம்புக்குக் கிடைக்கும் நன்மை உண்மைதான், ஆனால் முக்கால்வாசி இரண்டாம் வருடத்திலிருந்துதான் கைக்கு வருகிறது. வீட்டில் யாருக்கும் மூச்சுத் தொல்லை இல்லையென்றால் தாராளமாகப் புதுசை வாங்குங்கள். பிப்ரவரியில் சாவி வாங்கி, கப்போர்டு கதவுகளைத் திறந்துபோட்டு, வெயில் காலம் முழுக்கக் காற்றாட விட்டு, ஜூனில் குடிபோனால் இன்னும் நல்லது. வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்போது இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பழைய வீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் அடிச்சுவர் காய்ந்திருந்தால் மட்டும் போங்கள், வயரிங்கை மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

நாங்கள் எடுத்தது மூன்றாவதை. ஆறு வருடத்தில் பெயின்ட் நெடியும் பலகை நெடியும் பெரும்பாலும் போயிருந்தன. பைப்பும் வயரும் இன்னும் இளசு. அறைகள் மட்டும் பழைய வீட்டில் பாதிகூட வராது. வேண்டுமென்றே நவம்பர் மழை நாளில் பார்க்கப் போனேன். ஒவ்வொரு கப்போர்டுக்குள்ளும் தலையை விட்டு முகர்ந்து, கட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கிச்சன் மூலையில் உள்ளங்கை அளவு ஒரு கறை. மேல் வீட்டுக் குழாய் ஒழுகல், சரிபண்ணியாச்சு என்றார்கள். அப்பா பாத்ரூமுக்குப் போய் ஃபிளஷ் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “இங்க ஒரு கைப்பிடி மாட்டிடுடா, போதும்” என்றார்.