கோவையில் மகனுக்குச் சிறுநீரகக் கல் எடுத்த அனுபவம்

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். ஏழாவது படிக்கும் மகனுக்கு இடது கிட்னியில் 22 மில்லிமீட்டர் கல். வேலந்தாவளம் தாண்டிக் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்தோம்.

யூராலஜி டாக்டருக்கு முழு மார்க் போடுவேன். வளரும் பிள்ளைக்குக் கதிர்வீச்சு குறைவாகப் படட்டும் என்று கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் வயிற்று ஸ்கேனில்தான் ஆரம்பித்தார். ஆபரேஷன் முடிவான பிறகே சி.டி. எழுதினார், அதுவும் குறைந்த டோஸில். "ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருக்கும்மா. அதிர்வலையில உடைச்சா துண்டு இறங்கி வழியில அடைக்கலாம். முதுகு வழியா எடுத்துடலாம்" என்றார். மினி பி.சி.என்.எல். என்று பெயர். பெரியவர்களுக்கு வழக்கமாக 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை துளை போடுவார்களாம், இவனுக்கு 6தான். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார். என் மகன் சின்ன வட்டத்தின் மேல் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான். அதற்கப்புறம்தான் அவன் முகம் தெளிந்தது. மயக்க மருந்து டாக்டரும் என்னிடம் பேசாமல் நேராக அவனிடமே உட்கார்ந்து பேசினார். லேசரில் கல்லைப் பொடித்து எடுத்துவிட்டார்கள். தழும்பு தேடித்தான் பார்க்க வேண்டும்.

குறை ஒன்று உண்டு, சின்னக் குறை இல்லை. சிறுநீர் அடைக்காமல் இறங்க கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளே வைத்த டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுக்க மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் அன்றுதான் சொன்னார்கள். பெரியவர்களுக்கு மரத்துப்போகிற ஜெல்லே போதும், பிள்ளைகளுக்கு அப்படி முடியாது. அதற்குத் தனி பில். பாவம், ஸ்டென்ட் உள்ளே இருந்தவரை ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் எரிகிறது என்று அழுதான். கையெழுத்துப் போடும் முன்பே ஸ்டென்ட் உண்டா, எப்போது எடுப்பார்கள், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.

கல்லை லேபுக்கு அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். இந்த வயதில் கல் வந்தால் உடம்புக்குள் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், விட்டால் திரும்ப வரும். ஒரு ஞாயிறு முழுக்க அவன் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுத்தோம். கல் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட் அதில் குறைவு என்று தெரிந்து சிரப் எழுதினார்கள். ஊரில் எல்லோரும் பாலை நிறுத்து, வாழைத்தண்டுச் சாறு கொடு என்றார்கள். டாக்டரோ பாலை நிறுத்தவே கூடாது, உப்பையும் பாக்கெட் சிப்ஸையும் குறையுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள் என்றார்.

அடுத்த ஸ்கேனுக்கும் இதே டாக்டரிடம்தான் போகிறோம்.