கரப்பான் யார் கணக்கில்? வீட்டுக்காரரா, குடியிருப்பவரா?

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல ஒரு கரப்பான்கூட இருந்ததில்லை" என்பார் வீட்டுக்காரர். "சாமான் இறக்கின அன்னைக்கே சிங்க்குக்கு அடியில ஓடுச்சுங்க" என்பார் குடியிருப்பவர். இரண்டு பேரும் பொய் சொல்லாமலே இருக்கலாம். பூட்டிக் கிடந்த வீட்டில் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தது யார்?

மருந்தடிக்கும் செலவைத் தீர்க்க மூன்று ஏற்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு, எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு, யாரால் வந்ததோ அவர் பொறுப்பு.

வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வதில் அடுக்குமாடிக்காரர்களுக்குப் பெரிய லாபம் உண்டு. கரப்பானுக்குக் கதவு எண் தெரியாது. குழாய் போகும் வழியாகவே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால் கொஞ்சம் இடம் மாறும், அவ்வளவுதான். எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் ஏற்பாடு செய்யக் கட்டடம் யாருடையதோ அவரால்தான் முடியும். ஆனால் குப்பையை மூன்று நாள் கட்டி வைக்கிற குடித்தனக்காரருக்கும் வீட்டுக்காரரே செலவழிக்க வேண்டும் என்றால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

எல்லாம் குடியிருப்பவர் தலையில் என்பது ஒப்பந்தத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும். வீட்டுக்காரருக்கு நிம்மதி என்று தோன்றும். உண்மையில் அவருக்குத்தான் நஷ்டம். கரையானைச் சொல்கிறேன். நான் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் கதவு நிலையின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தது. போனில் சொன்னேன். "பெருக்கிச் சுத்தமா வெச்சுக்கங்க" என்று பதில் வந்தது. சரி என்று துடைப்பத்தால் தட்டிவிட்டேன். சில நாளில் அதே இடத்தில் ஈரமாகப் புதுக்கோடு. அப்புறம் நானும் விட்டுவிட்டேன். அடுத்தவர் வீட்டுத் தரையைத் துளைத்து மருந்து செலுத்த எந்தக் குடித்தனக்காரர் காசு போடுவார்? சில மாதம் கழித்துச் சாமான் நகர்த்தும்போது நிலையின் அடிப்பகுதி அட்டை மாதிரி கையோடு வந்தது. நிலையை மாற்றிய செலவு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது ஏற்பாடு கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. 'யாரால் வந்தது' என்பதை நிரூபிக்கும்போதுதான் தடுக்கி விழுகிறது. மூட்டைப்பூச்சி பயணப் பெட்டியிலும் வரும், பழைய கட்டிலிலும் வரும். ரத்தம் கிடைக்காமலே பல மாதம் சுவர் வெடிப்பில் கிடக்கவும் செய்யும். அதனால் 'வீடு இரண்டு மாதம் காலியாகத்தானே இருந்தது' என்பது சாட்சியே ஆகாது.

நான் நான்காவதாக ஒன்று சொல்வேன். யாரால் வந்தது என்று தோண்டாமல், வழியை அடைக்க யாரால் முடியும் என்று பார்க்கலாம். 6 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். பென்சில் பருமன்கூட இல்லை. குழாயைச் சுற்றிய இடைவெளி, கதவடி, சுவர் வெடிப்பு, கரையான் எல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. குப்பை, கழுவாத பாத்திரம், மூலையில் சேர்த்து வைத்த அட்டைப்பெட்டி குடியிருப்பவர் கணக்கு. மூட்டைப்பூச்சிக்குக் குடிவந்த முதல் மாதம் வீட்டுக்காரர், அதற்கு மேல் பாதிப் பாதி. முழுச் செலவும் தன்மேல் விழும் என்று தெரிந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், பூச்சி பெருகும் என்பதால் இந்தப் பாதிக் கணக்கு.

இரண்டாம் தடவை மருந்தடிப்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வீடுகளில் அதிகம் திரியும் சின்னப் பழுப்புக் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். ஓடு கனமானது, மருந்து உள்ளே இறங்காது. பொரிந்து வருவதைப் பிடிக்கச் சில வாரம் கழித்து இன்னொரு சுற்று வேண்டும். 'போன தடவைதான் கொடுத்தேனே' என்ற சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

செலவை வாடகையில் கழித்துக்கொள்வது என்றால், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். புகாரை எழுத்தில் அனுப்புங்கள், தேதியோடு, படத்தோடு. நான் போனில் மட்டும் சொன்னேன். "நீங்க சொல்லவே இல்லையே" என்றார்கள்.