கோட்டுக்கு வெளியே 29 நிமிடங்கள்: ஒரு சிறுவர் றக்பி கழகத்தில் நான்கு பருவங்கள்

எட்டு வயதாகும் தம் மகளை என் மகன் விளையாடும் றக்பி கழகத்தில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற கிழமை தொலைபேசியில் கேட்டார். “நீங்கள் நாலு வருசமாப் போறியள்தானே அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ” என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடந்தது அப்போதும் என் மனதில் ஆறாமல் இருந்தது. அவருக்கு ஆறுதலாகச் சொல்ல நினைத்ததை எழுதி வைக்கிறேன். லண்டனின் வடமேற்குப் புறநகர்களில் இதே யோசனையோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் இது உதவலாம்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு விளையாட்டு என்றால் உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமுமே. றக்பியைப் பற்றி, கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக மோதுகின்றன என்று பத்திரிகையில் படித்த அளவுக்குத்தான் தெரியும். ஆகவே 2021 செப்டெம்பரில், பாடசாலை நண்பன் போகிறான் தானும் போக வேண்டும் என்று மகன் அடம்பிடித்தபோது, ஆளை ஆள் விழுத்தும் ஆட்டத்துக்கு ஏழு வயதுப் பிள்ளையை அனுப்புவதா என்று என் மனைவி தடுத்தார். அந்தப் பயத்துக்கு இடமில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் 7, 8 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் டக்கிள், அதாவது ஆளைப் பிடித்து விழுத்துவது, கிடையாது. இடுப்புப் பட்டியின் இரு பக்கமும் ஒட்டித் தொங்கும் நாடாக்களில் ஒன்றைப் பறித்தால் போதும். பறித்த பிள்ளை “டாக்” என்று கத்தி நாடாவை உயர்த்திக் காட்ட, பந்தை வைத்திருந்த பிள்ளை அதை உடனே தன் அணியில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்துப்போனது அதற்கு அடுத்து வருவது. பறித்த நாடாவை நிலத்தில் எறிந்துவிட்டு ஓட முடியாது. எதிரணிப் பிள்ளையின் கையில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை அதை மீண்டும் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும்வரை அதுவும் ஆட்டத்தில் சேர முடியாது. முதற் பருவத்தில், ஒரு நவம்பர்க் காலையில், எதிரணிச் சிறுமி ஒருத்தி தடித்த கையுறையோடு நாடாவை ஒட்ட முடியாமல் தவித்தபோது, என் மகன் சேற்றில் முழங்காலிட்டு அவளுடைய பட்டியை இரு கைகளாலும் பிடித்துக் கொடுத்தான். பந்து அவர்களைத் தாண்டிப் போய், கோட்டைக் கடந்து புள்ளி எடுக்கும் ட்ரையும் விழுந்துவிட்டது. இருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு இதை நான் வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தப் பருவத்துக்கு நான் கட்டிய சந்தா 140 பவுண். இதே ஊரில் நீச்சல் வகுப்புக்குப் போவதை விட இது எவ்வளவோ மலிவு. சப்பாத்தைப் புதிதாக வாங்கத் தேவையில்லை, கால் வளர்ந்த பிள்ளைகள் விட்டுப்போன சப்பாத்துகள் கழகக் கட்டடத்தில் ஒரு பெட்டி நிறைய இருக்கும். பயிற்றுநர்களைப் பிள்ளைகள் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள், மத்தியஸ்தரை மட்டும் “சேர்” என்பார்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லிப் பழகாத எனக்கு இது பழக ஒரு பருவம் எடுத்தது. சேறு படிந்த உடுப்பைத் தோய்க்கும் வேலை மே மாதம் வரை ஓயாது.

கழகம் எனக்கு நன்றிக்குரியதாகிய நாள் ஒன்று உண்டு. 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் டக்கிள் தொடங்கியது. அதற்கு அடுத்த பருவத்தில், அதாவது 2023 கோடையில், மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் டக்கிள் செய்யலாம் என்று இங்கிலாந்து றக்பி ஒன்றியம் சமூகக் கழகங்கள் எல்லாவற்றுக்கும் உயரத்தைக் குறைத்தது. பிள்ளைகள் பழையதை மறந்து குனியப் பழகிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், மகனுடைய தலை இன்னொரு பிள்ளையின் முழங்காலில் அடிபட்டது. அவன் உடனே எழுந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்தான். நானும் ஒன்றுமில்லை என்றே நினைத்தேன். பயிற்றுநர் நினைக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார், அன்றைக்கு இனி விளையாட்டு இல்லை என்றார், என்னை அருகே அழைத்து இரவில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று பின்னேரமே மகனுக்குத் தலையிடியும் ஓங்காளமும் வந்தன. மூளையதிர்ச்சி என்பது உறுதியாயிற்று. 21 நாட்களுக்கு முன்னர் போட்டிக்குத் திரும்ப முடியாது, ஓய்வாக இருக்கையில் எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாட்களாவது கழிந்த பின்னரே மோதல் உள்ள பயிற்சியிலும் சேரலாம் என்பது விதி. பதினைந்தாம் நாள் மகன் அழுது கெஞ்சி, நானும் அவனுக்காகப் பேசியபோது, அவர் நாட்களை விரல்விட்டு எண்ணிக் காட்டி மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காக அவரை நான் என்றும் மதிப்பேன்.

அதே மனிதர்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையும் பயிற்றுநராக நின்றார் என்பதாலேயே எனக்குக் கோபம் அடங்கவில்லை.

சிறுவர் றக்பியில் அரைவாசி ஆட்டம் என்றொரு விதி இருக்கிறது. போட்டிக்கு அழைத்து வந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் அன்றைய ஆட்ட நேரத்தில் குறைந்தது பாதியாவது விளையாட வேண்டும் என்பதே அது. வேகமான பிள்ளை, மெதுவான பிள்ளை என்ற வேறுபாடு அதற்கு இல்லை. அந்த ஞாயிறு நடந்தது பருவ முடிவு விழா. தலா 12 நிமிடங்களில் மூன்று ஆட்டங்கள், மொத்தம் 36 நிமிடங்கள். இந்த வயதில் களத்தில் ஒன்பது பேர், எங்கள் அணியில் வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். சமமாகப் பகிர்ந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 27 நிமிடங்கள் கிடைத்திருக்கும். விதிப்படி பார்த்தாலும் 18 நிமிடங்களுக்குக் குறையக்கூடாது. என் மகன் விளையாடியது 7 நிமிடங்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தேன். அவனோடு வெளியே நின்ற இன்னொரு பிள்ளைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்த 29 நிமிடங்களும் அவன் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்றான். பல்லுக்குப் போடும் கம்ஷீல்டை அவன் வாயிலிருந்து எடுக்கவே இல்லை. ஆட்டங்களுக்கு இடையிலான ஓய்வில் தோடம்பழத் துண்டை நீட்டியபோதும் தலையை ஆட்டி மறுத்தான். குளிரில் உதடு வெடித்து, எச்சில் வழிந்து, அதைக் கைச்சட்டையால் துடைத்துக்கொண்டே நின்றான். “கழட்டி வையப்பு” என்று சொன்னேன். அடைத்த வாயோடு அவன் சொன்ன பதிலை இரண்டாம் முறை கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன்: கூப்பிட்டால் உடனே ஓட வேண்டும், போட்டுக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடம் வரை அவனைக் கூப்பிடவில்லை. காரில் ஏறிய பிறகே அதைக் கழற்றினான். தான் ஏதும் பிழை விட்டதா என்று கேட்டான்.

பயிற்றுநரிடம் அங்கேயே கேட்டேன். ஆட்டம் நெருக்கமாக இருந்தது, மாற்றக் கவனம் வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அந்த விழாவில் கிண்ணம் இல்லை, முதலிடம் இரண்டாமிடம் இல்லை; எதற்காக நெருக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. இது முதன்முறையும் அல்ல. ஒக்டோபரில் இரண்டு முறை இப்படி நடந்து, வயதுப் பிரிவுப் பொறுப்பாளரிடம் நான் முறையிட்ட பின்னர், யார் எப்போது உள்ளே, யார் எப்போது வெளியே என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினார்கள். மூன்று கிழமைகள் எழுதினார்கள். நான்காம் கிழமை அந்தத் தாள் வரவில்லை, பிறகு யாரும் அதைத் தேடவும் இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் ஒரு சதம் வாங்காமல் வேலை செய்பவர். குற்றப் பின்னணிச் சோதனை, முதலுதவிப் பயிற்சி, பயிற்றுநர் பயிற்சி எல்லாவற்றையும் தன் விடுமுறை நாட்களில் முடித்தவர். ஞாயிறு காலை எட்டரைக்கே வந்து, உறைபனி இறங்கியிருக்கிறதா என்று மைதானத்தைக் குதிக்காலால் மிதித்துப் பார்ப்பவர். அவர் சத்தமிட்டுத் திட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பது பிள்ளைகளின் ஆட்டத்தையும் மத்தியஸ்தரையும் கவனிக்கும் ஒருவர், பின்னால் சத்தமின்றி நிற்கும் மூவரை மறந்துபோவது நடக்கக்கூடியதுதான். ஆயினும் இன்னொரு நாள், பதினைந்தை 21 ஆகாது என்று அவரால் எண்ண முடிந்ததே. அந்த எண்ணிக்கையில் இருந்த கண்டிப்பு இந்த எண்ணிக்கையில் ஏன் இல்லாமல் போகிறது என்பதே என் கேள்வி. எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் அணியில் இடம் கிடைக்காதவன் பந்து பொறுக்கினான்; எல்லோருக்கும் இடம் உண்டு என்று அங்கே யாரும் வாக்குத் தரவில்லை. இங்கே தந்திருக்கிறார்கள், அதை நம்பித்தான் பிள்ளை வாயைத் திறக்காமல் நிற்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில், இந்த ஆண்டு எங்கள் கழகத்தில் சேர்க்க வேண்டாம் என்பதே. அவருடைய மகள் செப்டெம்பரில் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில், டக்கிள் தொடங்கும் ஆண்டிலேயே நுழைவாள். 11 வயதுப் பிரிவு வரை ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாக விளையாடலாம் என்பதால் கலப்பணியில்தான் பழகுவாள். புதிதாக வரும், இன்னும் பயம் தெளியாத பிள்ளைக்குக் களத்தில் நிற்கும் நேரந்தான் பயிற்சி. அருகிலுள்ள மற்றக் கழகம் ஒன்றுக்குச் சென்று, சந்தா கட்டுமுன்னர், ஒரு போட்டி நாளில் அந்த அணியில் மிக மெதுவாக ஓடும் பிள்ளை எத்தனை நிமிடங்கள் விளையாடுகிறது என்று மணிக்கூட்டை வைத்துப் பார்க்கும்படி அவரிடம் சொல்லப் போகிறேன்.

என் மகன் தொடர்ந்து போகிறான். 12 வயதுப் பிரிவில் களத்தில் பன்னிரண்டு பேர் என்று அவனே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறான். அந்தத் தாளையும் பேனையையும் செப்டெம்பரிலிருந்து என்னிடம் தரும்படி பொறுப்பாளருக்கு நேற்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.