தேர்ச்சி விகிதமா, வளர்ச்சியா? சார்ட்டர் பள்ளியில் எதை நம்புவது

நியூயார்க் நகரில் ஒரு சார்ட்டர் பள்ளிக் குழுமத்தில் நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அரசுப் பணத்தில், கட்டணமின்றி, குலுக்கல் முறையில் பிள்ளைகளைச் சேர்த்துத் தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள் இவை. ஆண்டு முடிவில் எங்கள் பள்ளிகளை எந்த எண்ணைக் கொண்டு எடைபோடுவது என்று முடிவெடுத்த ஆசிரியர் குழுவில் நானும் இருந்தேன். போட்டியில் நின்றவை இரண்டு: மாநிலத் தேர்வின் தேர்ச்சி விகிதம், மேப் என்ற கணினித் தேர்வு காட்டும் வளர்ச்சி. என் வாக்கு வளர்ச்சிக்கு.

மாநிலத் தேர்வின் நிறைகளை விளக்கத் தேவையில்லை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லா அரசுப் பள்ளிகளிலும் அதே வினாத்தாள். பக்கத்துத் தெருப் பள்ளியோடு ஒப்பிடலாம். நான்கு நிலைகளில் மூன்றும் நான்கும் தேர்ச்சி என்பது பெற்றோருக்கு உடனே புரியும். பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிப்பவர்களும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். குறையும் தெரிந்ததே: தேர்ச்சிக்கான எல்லைக்கோட்டை இடம் மாற்றினால் தேர்ச்சியும் மாறிவிடும். 2012-ல் நியூயார்க் மாநிலத்தில் கணிதத்தில் தேறியவர்கள் 64.8 சதவீதம். தேர்வு கடுமையாக்கப்பட்ட 2013-ல் சுமார் 31. ஓராண்டில் பிள்ளைகள் பாதிக் கணிதத்தை மறந்துவிடவில்லை.

மேப் தேர்வு வேறு வகை. என்.டபிள்யூ.இ.ஏ. என்ற அமைப்பு உருவாக்கியது. கணினியில், வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நடத்துவார்கள். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆகவே யார் எழுதினாலும் ஏறக்குறையப் பாதிக் கேள்விகள் தவறிவிடும். (இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால் வகுப்பின் முதல் மாணவி அழுதுகொண்டே எழுந்து வருவாள்.) மதிப்பெண்ணை ரிட் என்பார்கள். வகுப்பு மாறினாலும் அளவுகோல் மாறாது என்பதால் ஒரே பிள்ளையை ஆண்டுக்கணக்கில் தொடர முடியும்.

என் வாக்கை முடிவுசெய்தது காலி இருக்கை. நகரத்துக் குடும்பங்கள் வாடகை உயர்ந்தால் இடம் மாறும். ஆண்டின் நடுவிலும் பிள்ளைகள் போவார்கள். அந்த இடங்களை நிரப்புவதா, விட்டுவிடுவதா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து பேரில் பதினைந்து பேர் தேறுகிறார்கள்: 60 சதவீதம். தேறாதவர்களில் ஐந்து பேர் விலகி, இடங்கள் காலியாகவே கிடந்தால் இருபதுக்குப் பதினைந்து: 75 சதவீதம். யாரும் ஒரு பின்னத்தைக்கூடக் கூடுதலாகக் கற்கவில்லை. அந்த ஐந்து இடங்களிலும் பின்தங்கிய பிள்ளைகளைச் சேர்த்தால் மீண்டும் 60. தேர்ச்சி விகிதத்தைக் கும்பிடும் தலைமையாசிரியருக்கு, கதவைத் தட்டும் ஒவ்வொரு புதிய பிள்ளையும் நஷ்டக் கணக்குதான்.

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. மாநிலத்தின் மிக உயர்ந்த தேர்ச்சி விகிதங்களைக் காட்டும் சக்சஸ் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம், நான்காம் வகுப்புக்குப் பின் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்பதைப் பல ஆண்டுகள் கொள்கையாகவே வைத்திருந்தது. பின்தங்கியவர்களைச் சேர்த்தால் உள்ளே இருப்பவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது அவர்கள் வாதமாக இருந்தது. அங்குள்ள பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய எட்டாம் வகுப்பு விகிதத்தை, எல்லா இடங்களையும் நிரப்பும் பள்ளியின் விகிதத்தோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

வளர்ச்சிக் கணக்கில் இந்த அச்சம் இல்லை. மேப் கணிதத்தில் 195 புள்ளிகளுடன் ஒரு பையன் ஆறாம் வகுப்புக்கு வருகிறான் என்று வையுங்கள். அது மூன்றாம் வகுப்பு நடுவில் இருக்க வேண்டிய நிலை. அதே புள்ளியில் தொடங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாடு முழுவதும் சராசரியாக எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதே அவனுக்கான அளவு. அதைத் தாண்டினால் பள்ளிக்கு லாபம். அவனைச் சேர்க்கத் தயங்கக் காரணமில்லை.

மேப்பை அப்படியே நம்பவும் கூடாது. ஆறாம் வகுப்புக் கணிதத்தில் ஓராண்டின் சராசரி வளர்ச்சி சுமார் 8 புள்ளி. ஒரு தேர்வின் அளவீட்டுப் பிழையே ஏறத்தாழ 3 புள்ளி. ஆகவே முழு வகுப்பின் சராசரியை நம்புவேன்; ஒரு பிள்ளையின் இலையுதிர்காலப் புள்ளியையும் குளிர்காலப் புள்ளியையும் வைத்துப் பெற்றோரைக் கலவரப்படுத்த மாட்டேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஏனோதானோவென்று எழுதவிட்டால் கடைசியில் வளர்ச்சி அழகாகத் தெரியும் என்ற ஓட்டையும் உண்டு. எல்லாவற்றையும்விட, மூன்றாண்டு பின்தங்கியவன் சராசரி வேகத்தில் வளர்ந்தால் எப்போதும் பின்தங்கியே இருப்பான். அதனால்தான் எட்டாம் வகுப்புக்கு மட்டும் தேர்ச்சி விகிதத்தையும் சம எடையோடு வைக்கச் சொன்னேன்.

கல்லூரிப் பட்டம் வரை பின்தொடர்வது இன்னும் நேர்மையான வழி. கிப் என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம் 2011-ல் தன் முதல் மாணவர்களில் 33 சதவீதம் பேரே பட்டம் முடித்தார்கள் என்று தானே வெளியிட்டது. ஆனால் விடை வர பத்தாண்டு ஆகும். அதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தவர் பள்ளியை விட்டே போயிருப்பார்.

மழலையர் முதல் இரண்டாம் வகுப்பு வரை நான் கற்பித்ததில்லை. ஐந்து வயதுக் குழந்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுட்டியை நகர்த்தி எழுதும் தேர்வு எதை அளக்கிறது என்பதை அந்த வகுப்பு ஆசிரியர்களிடம் கேளுங்கள். ஆண்டறிக்கையில் வளர்ச்சி முதல் பத்தியிலும் தேர்ச்சி இரண்டாம் பத்தியிலும் வரப்போகின்றன. காலியாக விடப்பட்ட இடங்களின் எண்ணிக்கைக்கு மூன்றாவது பத்தி கேட்டிருக்கிறேன். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை.