‘ஒரு ஓம் கேரண்டி’ எர்த் குழி: பலமநேர், வி.கோட்டா பக்கம் உஷார்

பலமநேர், வி.கோட்டா, குப்பம் தொடங்கி மலை இறங்கிப் பேரணாம்பட்டு, குடியாத்தம் வரைக்கும் ‘கெமிக்கல் எர்த்திங்’ (பைப்பைச் சுற்றிப் பொடி நிரப்பி எர்த் குழி போடுவது) ஆட்கள் ‘1 ஓம் கேரண்டி’ என்று பண்ணை பண்ணையாக ஏறி இறங்குகிறார்கள். எர்த் குழி என்பது கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்குவது; அதன் தடையை ஓமில் சொல்வார்கள், குறைந்தால் நல்லது. இங்கே பல இடங்களில் மூன்று நாலு அடி செம்மண், அதற்குக் கீழே மொரம்பு, அப்புறம் கருங்கல்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றைக் குழி போட்டு 1 ஓம் கொண்டுவர முடியாது. முடியும் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தை நம்பாதீர்கள்.

வி.கோட்டா அருகே ஒரு மாட்டுப் பண்ணையில் நடந்ததைப் பாருங்கள். இரண்டு குழி, குழிக்கு 14,000 ரூபாய். பில்லில் 10 அடி பைப், குழிக்கு ஒரு மூட்டை கெமிக்கல், ரீடிங் 0.4 ஓம். லேமினேட் செய்த சர்டிபிகேட் வேறு. கோடை வந்ததும் பால் கறக்கும் மெஷினை மாட்டினாலே மாடு உதைக்க ஆரம்பித்தது. எர்த் சரியில்லாவிட்டால் கசியும் கரண்ட் மெஷினிலேயே நிற்கும். செருப்புப் போட்ட ஆளுக்குத் தெரியாத சில வோல்ட்டும் ஈரத்தரையில் நிற்கும் மாட்டுக்கு உறைக்கும். தோண்டிப் பார்த்தால் பைப் நாலு அடிதான் இருந்தது. பாறை தட்டியதும் மீதியை அறுத்துப் போட்டுவிட்டு, மேலே சேம்பர் (குழியின் வாயை மூடும் தொட்டி) வைத்துப் பூசியிருக்கிறார்கள். இரண்டு குழிக்கும் இடைவெளி மூன்றடி.

அப்படியானால் 0.4 ஓம் எங்கிருந்து வந்தது? இரண்டு குழியிலிருந்தும் தனித்தனிப் பட்டை மெயின் போர்டுக்குப் போகிறது. குழிகளுக்கு நடுவே மண்ணுக்குள் இன்னொரு பட்டை. ஆக, உலோகத்தாலேயே ஒரு முழு வளையம். கிளாம்ப் மீட்டரை (பட்டையைக் கவ்விப் பிடித்து அளக்கும் கருவி) அதில் மாட்டினால் இரும்பின் ஓம் மட்டும் வரும், மண் கணக்கிலேயே வராது. இணைப்புகளைக் கழற்றி, மூன்று முனை மீட்டரில் அளந்தபோது ஒரு குழி 140 ஓம் காட்டியது.

சரியாக அளக்கும் முறை இதுதான்: குழியின் இணைப்பைக் கழற்றுங்கள். மூன்று முனை மீட்டரின் ஒரு முனை குழிக்கு, மற்ற இரண்டும் ஸ்பைக் என்கிற இரும்பு முளைகளுக்கு. கரண்ட் ஸ்பைக்கைக் குழியிலிருந்து 50 மீட்டர் தள்ளி அடியுங்கள், நடு ஸ்பைக்கை அதே நேர்கோட்டில் 31 மீட்டரில். பிறகு நடு ஸ்பைக்கை மட்டும் 26, 36 மீட்டரில் மாற்றி அடித்துப் பாருங்கள். மூன்று ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நடு ஸ்பைக்கைக் குழிக்குப் பக்கத்திலேயே குத்தினால் எந்தக் குழியும் நல்ல குழியாகத் தெரியும். அளக்கும் முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். பேஸ் (கரண்ட் வரும்) வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டு ‘பாருங்க, எப்படி எரியுது’ என்பதும் கண்கட்டு வித்தைதான். எரியும்போது அந்தப் பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். குழி 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், பளிச்சென்றே எரியும்.

கெமிக்கலின் கணக்கையும் பார்த்துவிடுவோம். மண் கரண்ட்டைத் தடுக்கும் அளவு (அதை ஓம்-மீட்டரில் சொல்வார்கள்) 500 ஓம்-மீட்டர் என்றால், 10 அடி நீளம் 2 அங்குல விட்ட பைப் சுமார் 137 ஓம் காட்டும். அதைச் சுற்றி ஓரடி விட்டத்துக்கு முதல்தரமான பெண்டோனைட்டை (ஈரம் பிடிக்கும் ஒரு வகைக் களிமண் பொடி) நிரப்பினாலும் 90 ஓமுக்குத்தான் இறங்கும். அதற்கு மேல் தடுப்பது வெளியே இருக்கும் மண். அந்த அளவு குழிக்கு 200 லிட்டர் கலவை வேண்டும். 25 கிலோ மூட்டை ஒன்றைக் குழைத்தால் கால்வாசி நிரம்பினால் பெரிது. பெண்டோனைட் காய்ந்தால் சுருங்கிப் பைப்பை விட்டு விலகும், அதனால் ஈரம் நிற்காத இடத்துக்கு அது ஆகாது. ‘பைப்புக்குள் பைப், நடுவே கெமிக்கல்’ என்று விற்பது இன்னும் மோசம்: மூடிய பைப்புக்குள் இருக்கும் பொடி மண்ணைத் தொடுவதே இல்லை. உப்பும் கரியும் போட்டால் முதல் வருடம் ரீடிங் இறங்கும். பிறகு மழையில் உப்பு கரைந்து போகும், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் அரித்துவிட்டுப் போகும்.

குழி வெட்டும் முன், மண்ணின் தடையை அளக்கும் நாலு ஸ்பைக் டெஸ்ட் கேளுங்கள். ஸ்பைக்குகளின் இடைவெளியை 1, 2, 4, 8 மீட்டர் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். 2 மீட்டர் இடைவெளியில் கருவி 40 ஓம் காட்டினால் 2 × 3.14 × 2 × 40, அதாவது சுமார் 500 ஓம்-மீட்டர். இடைவெளி கூடக் கூட இந்தக் கணக்கு இறங்கினால் கீழே ஈரம் இருக்கிறது, ஆழமாகப் போகலாம். ஏறினால் கீழே பாறை. அங்கே கம்ப்ரஸர் வைத்துக் குடைவது வீண் செலவு, படுக்கையாகத்தான் போக வேண்டும்.

அந்தப் பண்ணையில் கடைசியில் செய்தது அதுதான். எப்போதும் தண்ணீர் பாயும் தீவனப்புல் வரப்போரம், இரண்டடி ஆழத்தில் 25 × 6 மில்லி ஜி.ஐ. பட்டை, எதிரெதிர்த் திசையில் 30 மீட்டர் வீதம். மொத்தம் 70 கிலோ பட்டை. இணைப்புகளை வெல்டிங் செய்து தார் பூசி, கல் பொறுக்கிய செம்மண்ணைப் போட்டு மூடியாயிற்று. சித்திரை வெயிலில் 8 ஓம். படுக்கைப் பட்டைக்கு இடம் இல்லாதவர்கள் நேராகக் கீழே இறங்கும் குழிதான் போட முடியும் என்றால், 10 அடிக் குழிகளுக்கு நடுவே 20 அடியாவது விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்ட இரண்டு குழி சுமார் ஒன்றரைக் குழி வேலைதான் செய்யும்.

8 ஓம் வந்துவிட்டது என்று ஆர்.சி.சி.பி.யை (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஸ்விட்ச்) விட்டுவிடக் கூடாது. 230 வோல்ட் 8 ஓமில் பாய்ந்தால் 29 ஆம்பியர்கூட வராது, 32 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் ஸ்விட்ச்) அசையாது. 140 ஓம் குழியில் ஒன்றரை ஆம்பியர் சொச்சம்தான், 6 ஆம்பியர் எம்.சி.பி.கூட விழாது, ஆனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். கறவை மெஷின் லைனுக்கும் வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர், மோட்டார் லைனுக்கு 100 போதும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பைப் இறங்கும்போது டேப் பிடித்து அளக்காமல் சேம்பரை மூட விடாதீர்கள். பாதிப் பணத்தைக் கோடை ரீடிங் பார்த்த பிறகு கொடுங்கள்.