ஃப்ளாஷ் கேட்கும் "ஸ்மார்ட் கிளாஸ்" பாடங்களுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, புதுச்சேரி பக்கம் டியூஷன் நடத்துபவர்களும் சிறிய பள்ளிக்கூடம் வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கணினியில் ஓடும் பாடங்கள் என்று சொல்லி வீட்டு வாசலுக்கே வந்து விற்கிறார்கள். அவை ஓட ஃப்ளாஷ் என்ற பழைய மென்பொருள் வேண்டும், அதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. 36,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட நான் அதில் 20,000 ரூபாயை இழந்து நிற்கிறேன். பணத்தோடு போகவில்லை, சிஸ்டமும் கெட்டது, பிள்ளைகள் முன்னால் தலைகுனிவும் ஆனது.

மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை டியூஷன் எடுக்கிறேன். 2023 ஏப்ரல் கடைசியில், முழுப்பரீட்சை முடிந்த நேரத்தில், புதுச்சேரியிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் வந்தார். கையில் லேப்டாப், சின்ன புரொஜெக்டர். சுவரில் பாடத்தைப் போட்டுக் காட்டினார். குவிலென்சுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. மவுஸால் அதை இழுத்தால் கதிர்களும் கூடவே நகர்ந்தன. மெழுகுவர்த்தி தூரத்தில் இருந்தபோது பிம்பம் தலைகீழாகச் சின்னதாக விழுந்தது. கிட்டே கொண்டுவரக் கொண்டுவரப் பெரிதானது. முதன்மைக் குவியத்தைத் தாண்டி லென்சுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று நிமிர்ந்து, மெழுகுவர்த்தி இருந்த பக்கத்திலேயே பெரிதாகத் தெரிந்தது. பதினெட்டு வருடமாக இதைப் பலகையில் ஸ்கேல் வைத்து வரைந்து காட்டி வருகிறேன். அந்தக் கடைசி நிலை பாதிப் பிள்ளைகளுக்குத்தான் பிடிபடும். அதையே அசைவாகப் பார்த்ததும் என் மனசு கரைந்துவிட்டது.

"என் சிஸ்டத்தில் ஓடுமா சார்?" என்று கேட்டேன்.

"எல்லா சிஸ்டத்திலும் ஓடும் மேடம். பிரவுசர் இருந்தால் போதும்."

இந்த ஒரு பதிலை நம்பித்தான் 20,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். மீதிக்குத் தலா 8,000 ரூபாய்க்கு ஆகஸ்டு, அக்டோபர் தேதியிட்டு இரண்டு காசோலை கொடுத்தேன். பாடங்கள் ஒரு நீலப் பென்டிரைவில் வந்தன. தேர்வுப் பகுதிக்கு மட்டும் இணையத்தில் ஒரு வருட லாகின்.

ஜூனில் வகுப்பு தொடங்கியது. பென்டிரைவைப் போட்டு லென்ஸ் பாடத்தைத் திறந்தேன். மேலே தலைப்பு வந்தது, கீழே பாட எண் வந்தது. நடுவில் படம் வரவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம், இந்த பிளக்-இன் ஆதரிக்கப்படவில்லை என்று ஒரு வரி. இதயம், இலைத்துளை, மின்சுற்று எல்லாப் பாடத்திலும் அதே கட்டம்தான்.

நான்கு முறை போன் செய்த பிறகு ஒரு டெக்னீஷியன் வந்தார். என் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை நீக்கிவிட்டுப் பழைய ஃபயர்பாக்ஸ் ஒன்றை ஏற்றினார். அதன் தானியங்கி அப்டேட்டை நிறுத்தினார். விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தினார். அப்புறம் ஃப்ளாஷ் பிளேயரின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டார். கட்டத்துக்குள் மெழுகுவர்த்தி வந்துவிட்டது. கிளம்பும்போது, "ஃப்ளாஷ் என்று எது கேட்டாலும் ஓகே கொடுத்துடுங்க மேடம்" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கேடு செய்தது இதுதான்.

ஜூலையில் ஒரு மாலை, புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருக்க, மாதிரி வினாத்தாள் ஒன்றை இணையத்தில் தேடினேன். திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. சிவப்புச் சதுரத்தில் வெள்ளை எஃப் எழுத்து, "உங்கள் ஃப்ளாஷ் பிளேயர் பழையது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அப்டேட் பொத்தான். டெக்னீஷியன் சொன்னபடி ஓகே கொடுத்தேன். சிஸ்டம் ஒருமுறை அணைந்து எழுந்தது. மறுநாளிலிருந்து எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கம் வழியாகப் போனது. ரம்மி விளம்பரமும் அதைவிடக் கேவலமான விளம்பரங்களும் தானாகத் திறந்தன. பதினான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது சுவரில் ஆறடி உயரத்துக்கு ஒரு அசிங்கப் படம். ஓடிப்போய் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினேன். அன்று ராத்திரி என் மின்னஞ்சலுக்குள் வேறு எங்கிருந்தோ யாரோ நுழையப் பார்த்ததாகக் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது. பிரவுசரில் கடவுச்சொற்களைச் சேமித்து வைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே கைபேசியில் எல்லாவற்றையும் மாற்றினேன். வங்கிக் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் ஆறுதல்.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டதே, "அக்கா, 2023ல ஃப்ளாஷ் யாருக்கா போட்டது?" என்பதுதான்.

அவர் உட்கார வைத்துச் சொன்னதையும், அப்புறம் நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். இது மட்டும் முன்பே தெரிந்திருந்தால் அந்த விற்பனையாளரை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

ஒரு காலத்தில் பிரவுசருக்கு எழுத்தும் படமும் மட்டும்தான் தெரியும். வீடியோ, அசையும் படம், ஒலி இவற்றையெல்லாம் காட்ட வெளியிலிருந்து ஒரு நிரலைக் கொண்டுவந்து செருக வேண்டும். அதுதான் பிளக்-இன். ஃப்ளாஷ், ஜாவா, மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் எல்லாம் இந்த வகை. (இன்றைக்கு குரோமில் போட்டுக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன்.) பக்கத்தில் ஒரு கட்டத்தை வெட்டி பிளக்-இன்னிடம் பிரவுசர் ஒப்படைத்துவிடும். அந்தக் கட்டத்துக்குள் நடப்பது பிளக்-இன்னின் ராஜ்யம்.

அதனால் கிடைத்த நன்மையை மறைக்கக் கூடாது. 1996இல் வந்த ஃப்ளாஷ், படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் வைத்துக்கொண்டதால் கோப்பு மிகச் சிறியதாக இருந்தது. மெதுவான இணைப்பிலும் ஓடியது. எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிந்தது. நிரல் எழுதத் தெரியாத ஓவியரும் ஆசிரியரும்கூட அதில் பாடம் செய்ய முடிந்தது. 2005இல் யூடியூப் தொடங்கியபோது வீடியோ ஓடியதே ஃப்ளாஷில்தான். என்னைக் கவர்ந்த அந்த மெழுகுவர்த்தியைச் செய்தவர் யாரோ, நல்ல ஆசிரியர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கெடுதல் அந்தக் கட்டத்திலேயே இருந்தது. பழைய முறையில் செருகிய பிளக்-இன்னுக்குக் கணினியில் உங்களுக்கு என்னென்ன உரிமை உண்டோ அவ்வளவும் உண்டு. அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை விழுந்தால் அது உங்கள் கணினிக்கே விழுந்த ஓட்டை. ஃப்ளாஷில் ஓட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. 2015 ஜூலையில் நிலைமை முற்றி, ஓட்டையை அடைத்த பதிப்பு வரும்வரை ஃபயர்பாக்ஸே ஃப்ளாஷைத் தடுத்து வைத்தது. கைபேசிக்கும் அது ஒத்துவரவில்லை. ஐபோனில் ஒருநாளும் ஓடியதில்லை, ஆண்ட்ராய்டில் 2012இலேயே கைவிட்டார்கள். கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் நகலெடுக்க முடியாது. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அங்கே திணறும்.

இதற்குள் பிரவுசரே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் புதிய தரமான எச்டிஎம்எல்5, 2014 அக்டோபரில் முழுமையானது. அடுத்த ஜனவரியில் யூடியூப் அதற்கு மாறியது. ஃப்ளாஷைத் தவிர மற்ற பழைய வகை பிளக்-இன்களை 2015இல் குரோம் நிறுத்தியது. 2017இல் ஃபயர்பாக்ஸும் ஃப்ளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. இணையவழி டெண்டர் போடும் என் மாமா ஒருவர், டிஜிட்டல் கையொப்பத்துக்கு ஜாவா பிளக்-இன் ஓடவில்லை என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

முக்கியமான தேதி இது. ஃப்ளாஷை நிறுத்தப்போவதாக அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தை ஓடவிடாமல் தடுத்தது. எல்லாரும் நீக்கிவிடுங்கள் என்று அடோபியே சொன்னது. அந்த மாதமே குரோம் 88, ஃபயர்பாக்ஸ் 85 என்ற புதிய பதிப்புகள் இரண்டிலிருந்தும் ஃப்ளாஷ் வெளியேறியது. கடைசிப் பதிப்புகளுக்குள் இந்த நிறுத்தத் தேதி பதிந்திருப்பதால்தான், அது பதியாத இன்னும் பழைய பதிப்பைத் தேடிக் கொண்டுவந்து என் கணினியில் போட்டிருக்கிறார்கள். ஆக, செத்து இரண்டு வருடம் கழிந்த ஒன்றை, தெரிந்தே, "எல்லா சிஸ்டத்திலும் ஓடும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அப்டேட்டுகளையும் நிறுத்தி வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு உடனே உதவக்கூடியது ஒன்று உண்டு. அடோபி ஃப்ளாஷ் அப்டேட்டே தருவதில்லை. எனவே உங்கள் திரையில் ஃப்ளாஷ் அப்டேட் என்று எந்தப் பெட்டி வந்தாலும் அது மோசடி. பொத்தானைத் தொடாமல் பிரவுசரை மூடுங்கள்.

சர்வீஸ் தம்பி கோப்புகளின் தேதியையும் பார்த்துச் சொன்னார். எல்லாம் 2011, 2012. அட்டையில் "புதிய பாடத்திட்டம்" என்று அச்சிட்டிருந்தது. பத்தாம் வகுப்புக்கு இப்போதைய புத்தகம் வந்ததே 2019இல்தான். ரஃபிள் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, பழைய ஃப்ளாஷ் கோப்புகளை பிரவுசரின் பாதுகாப்புக்குள்ளேயே ஓட்டிக் காட்டும் என்று சொல்லி அதையும் போட்டுப் பார்த்தார். இதயம் ஓடியது. லென்ஸ் பாடத்தில் மெழுகுவர்த்தி வந்தது, ஆனால் இழுத்தால் நகரவில்லை. சிஸ்டத்தை முழுவதும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட 1,200 ரூபாய் ஆனது. நான்கு வருட வினாத்தாள்களில் இரண்டு வருடத்துக்குத்தான் நகல் இருந்தது. மற்றவை போனவைதான்.

விற்றவரைக் கூப்பிட்டால், "பென்டிரைவுக்குத்தான் வாரண்டி, வைரஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வக்கீல் அண்ணன் சொன்னபடி முதலில் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் காரணத்தை விவரமாக எழுதி அனுப்பினேன். அதன் பிறகுதான் வங்கியில் காசோலைகளை நிறுத்தச் சொன்னேன். காரணம் எழுத்தில் இல்லாமல் நிறுத்தினால், காசோலை திரும்பியதென்று நம் மேலேயே வழக்குப் போட இடமாகிவிடும் என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் இரண்டு காசோலைகளும் தபாலில் திரும்பி வந்தன. 20,000 ரூபாய் வரவில்லை.

"நீங்கள் தொழில் நடத்துகிறீர்கள், நுகர்வோர் ஆகமாட்டீர்கள்" என்று அந்த நிறுவனத்தினர் பதில் எழுதியிருந்தார்கள். இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நானும் புகார் கொடுத்திருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு அதிகம் வலித்தது இன்னொன்று. நம் பாடப்புத்தகத்திலேயே இணையச் செயல்பாடு என்று கியூஆர் குறியோடு ஒரு பக்கம் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் ஸ்கேன் செய்ததில்லை. கணக்குக்கு ஜியோஜீப்ரா, அறிவியலுக்கு ஃபெட் என்று இணையத்தில் அசையும் பாடங்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாடங்களும் ஆரம்பத்தில் ஜாவாவிலும் ஃப்ளாஷிலும் இருந்தவைதாம். உட்கார்ந்து பலவற்றை எச்டிஎம்எல்5க்கு மாற்றியிருக்கிறார்கள். சில தமிழிலும் கிடைக்கின்றன. ஒரு லென்ஸ் பாடத்தை என் பழைய கைபேசியில் திறந்து பொருளை விரலால் இழுத்தேன். நகர்ந்தது. எதையும் செருகச் சொல்லவில்லை.

யாராவது பாடம் விற்க வந்தால் அவர் லேப்டாப்பில் பார்க்காதீர்கள். உங்கள் கைபேசியில், உங்கள் சிஸ்டத்தில், இப்போதைய குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ திறந்து காட்டச் சொல்லுங்கள். ஃப்ளாஷ், சில்வர்லைட், ஜாவா, பழைய பிரவுசர், அப்டேட்டை நிறுத்துவது என்று ஏதாவது பேச்சு வந்தால் காசு கொடுக்காதீர்கள். "எல்லா சிஸ்டத்திலும் ஓடும்" என்று சொன்னால் அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். என் ரசீதில் "கல்வி மென்பொருள் 1" என்று மட்டும்தான் இருக்கிறது.

அதே மாதிரி நீலப் பென்டிரைவில், சாம்பல் கட்டத்தோடு, யாராவது வாங்கி வைத்திருந்தால் எனக்குத் தகவல் தாருங்கள். நான் அனுப்பிய கடிதத்தின் நகலைத் தருகிறேன், உங்கள் பெயரைப் போட்டு அப்படியே அனுப்பலாம்.